மூன்று மாதம் மூடி வைக்கக் கூடாத சேதி

"மூணு மாசம் முடியட்டும் கண்ணு, அப்புறம் வெளிய சொல்லிக்கலாம்."

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் நாள் தள்ளிப்போன மருமகளுக்கு மாமியார் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். கண் பட்டுவிடுமோ, நடுவில் கலைந்துபோனால் ஊர்வாயில் விழ வேண்டுமோ என்ற பயம். பாசத்தில் வரும் பயம்தான். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வயிற்றில் வளரும் உயிர் அந்த மூன்று மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை.

கடைசியாக மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் 6-ஆவது வாரம், அதாவது நாள் தள்ளி இரண்டே வாரத்தில், கருவின் நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூளையும் தண்டுவடமும் உருவாவது இந்தக் குழாயிலிருந்துதான். அது சரியாக மூடாமல் போனால், முதுகில் தண்டுவடம் திறந்த நிலையிலோ, மண்டையோடு வளராமலோ குழந்தை பிறக்கும். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் இந்தக் குறையைப் பெருமளவு தடுக்கிறது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், இந்தக் குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற பெண்களிடம் சோதனை நடத்தி 1991-இல் முடிவை வெளியிட்டது. அடுத்த பேற்றில் அதே குறை திரும்ப வருவதை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் குறைத்திருந்தது. மாத்திரையின் விலை சொற்பம். பிள்ளைப்பேற்றுக்குத் திட்டமிடும்போதே நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்குவது நல்லது. சேதியை மூன்று மாதம் மூடி வைத்துவிட்டு அதன்பின் மருத்துவமனைக்குப் போகிறவருக்கு இந்தப் பலன் கிடைக்காது. குழாய் மூட வேண்டிய நாள் கடந்திருக்கும்.

இந்த வைட்டமினுக்கும் தறி வேலைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் பலர் கடும் இரத்தசோகையால் வாடினார்கள். காரணம் கிருமியா, உணவா என்று அவர் தேடினார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சில காலம் ஆய்வு செய்தார். கடைசியில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றுகிறது என்று கண்டுபிடித்தார். 1931-இல் அதை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பத்தாண்டு கழித்துக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக்கு நடுவே நின்று வேலை செய்யும் ஒரு பெண், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கும் அந்தச் சின்ன மாத்திரை, அவளைப் போன்ற உழைக்கும் பெண்களின் இரத்தத்தைப் பார்த்துக் கண்டறிந்தது.

ஆகவே ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். 12 வாரத்துக்குள் அவர் கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் கொடுப்பார். "பிக்மி நம்பர்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பரிசோதனை, பிரசவம், பிறப்புச் சான்றிதழ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் வாசல். 1987-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைத் தாய்மாருக்கு, முதல் இரண்டு பேறுகளுக்கு, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. தறிப்பட்டறையிலும் காட்டுவேலையிலும் பேறுகால விடுப்பு என்ற பேச்சே இல்லாதவருக்கு இது பெரிய தொகை.

அடுத்து வருவது மசக்கை. சோறு வேகும் வாசனையே குமட்டும். "சின்னப் பொண்ணு, செல்லம் கொஞ்சுறா" என்று சொல்லும் வீடுகள் உண்டு. அப்படிச் சொல்வது தவறு. ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோன் கருவிலிருந்து தாயின் இரத்தத்தில் கலந்து மூளையின் குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது என்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. கருவுறுவதற்கு முன் அந்த ஹார்மோன் யாருக்குக் குறைவாக இருந்ததோ, அவருக்குத்தான் வாந்தி கடுமையாக வருகிறது. உடம்புக்குப் பழக்கமில்லாத பொருள் திடீரென்று பெருகுவதால் வரும் அவதி இது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட்டால் பெரும்பாலோர் சமாளித்துவிடலாம். ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கம் இந்த நாட்களில் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். மரவள்ளி விளைந்து சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாகும் மண்ணில் அது இயல்புதான். வயிற்றில் தங்கும், தெம்பும் தரும். ஆனால் அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. புரதமும் இரும்பும் அதில் இல்லை என்றே சொல்லலாம். மசக்கை தணிந்ததும் கஞ்சியை விட்டு வேறு சாப்பாட்டுக்கு மாறிவிட வேண்டும். நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில் இதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கருவின் மூளைக்கு வேண்டிய கோலின் சத்தும் இருக்கிறது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வழக்கத்தைவிட நாளுக்கு 9.5 கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூடுதல் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்திருக்கின்றன. முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். பச்சை முட்டையும் ஆஃப் பாயிலும் இந்தப் பத்து மாதத்துக்கு வேண்டாம். சால்மோனெல்லா கிருமி வரலாம். முட்டை சாப்பிடாத வீடுகளில் பருப்பு, பாசிப்பயறு, கொள்ளு, நிலக்கடலை, பால், தயிர் கூட வேண்டும்.

நான்காம் மாதத்திலிருந்து இரத்தத்தின் கதை தொடங்குகிறது. தாயின் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை பெருகும். சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகாது. கெட்டிக் குழம்பில் தண்ணீர் விட்டது போல இரத்தம் நீர்க்கும். இது இயற்கை, நஞ்சுக்கொடிக்குள் இரத்தம் எளிதாகப் பாய உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆனால் முதலிலேயே இரும்புச் சத்து குறைந்த பெண்ணுக்கு இந்த நீர்ப்பு தாங்காது. ஒரு பேறுகாலத்துக்கு ஏறத்தாழ 1 கிராம் இரும்பு தேவை. அன்றாடச் சாப்பாட்டிலிருந்து மட்டும் இவ்வளவையும் சேர்ப்பது பெரும்பாலான பெண்களுக்கு நடக்காத காரியம். அதனால்தான் நான்காம் மாதம் முதல் நாள்தோறும் இரும்பு மாத்திரை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிற பெண்கள் நிறையப் பேர். கேட்டால், "அதைச் சாப்பிட்டா கொழந்தை கருப்பாப் பொறக்குமாம்" என்பார்கள். தோலின் நிறம் பெற்றோரின் மரபணுவிலிருந்து வருவது. இரும்பு மாத்திரைக்கும் குங்குமப்பூவுக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை. மலம் கருப்பாகப் போவது உண்மை. உடம்பு உறிஞ்சாத இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான். வயிற்றைப் பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் என்று ஏதாவது புளிப்பு இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் சரியாகச் சேராது. தறிப்பட்டறைப் பெண்களுக்கு டீ குடிப்பதுதான் ஓய்வு என்பது தெரியும். டீயை விடச் சொல்லவில்லை, மாத்திரையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறேன். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சர்க்கரைச் சோதனையைப் பற்றிப் பேசினால் சென்னையின் டாக்டர் வி. சேஷையாவை நினைக்காமல் முடியாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கிராமத்துப் பெண்கள் திரும்ப வருவதில்லை என்று கண்டு, சாப்பிட்டிருந்தாலும் செய்யக்கூடிய எளிய முறையை அவரும் அவருடைய குழுவினரும் நிலைநாட்டினார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை இரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையை 2007-இலேயே ஆணையாக்கியது தமிழக அரசு. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். அப்போதுதான் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினைத் தடுக்கத் தொடங்கும்.

18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் எல்லாம் அதில் தெரியும். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் சொல்வதும் குற்றம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடாது. பெண் பிறந்தால் பழி தாயின் மேல் விழுகிறது. ஆனால் எக்ஸ், ஒய் என்ற இரு நிறப்புரிகளில் எது சேரும் என்பதை முடிவு செய்வது தந்தையின் விந்தணு.

இனி வெயில். இதைப் பற்றித்தான் வீட்டிலும் மருத்துவமனையிலும் குறைவாகப் பேசுகிறோம். சேகோ ஆலையின் சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிறவர், செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவர், தகரக் கூரைக்குக் கீழே தறி ஓட்டுகிறவர், மஞ்சள் காட்டில் களை எடுக்கிறவர் என்று இந்தச் சமவெளியில் வயிற்றுப் பிள்ளையோடு வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி இங்கே புதிதல்ல. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மிகுந்த வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் போன்ற ஆபத்து மற்றவர்களைவிட இரு மடங்கு இருந்தது என்று 2024-இல் அவர்களின் ஆய்வு வெளியானது.

ஏன் அப்படி? குழந்தையின் உடல் எப்போதும் தாயைவிட அரை டிகிரி அளவுக்குச் சூடு. அந்தச் சூட்டைத் தாயின் இரத்தம்தான் வாங்கி வெளியேற்ற வேண்டும். தாயின் உடலே கொதிக்கும்போது, தன்னைக் குளிர்விக்க அது இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. நஞ்சுக்கொடிக்குப் போகும் பங்கு குறைகிறது. வியர்வையில் நீரும் வற்றினால் இன்னும் மோசம். கழிப்பறை இல்லாத வேலை இடத்தில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வருவதும் இதனால்தான், அந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்துக்கு இட்டுச் செல்லலாம். காலை 11 முதல் மாலை 4 வரை வெயில் வேலை வேண்டாம். விடியலில் தொடங்கி முன்னதாக முடிக்கலாம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர், மோர், கம்பங்கூழ் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றல், வியர்வை நின்றுபோதல், படபடப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய் உடம்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதெல்லாம் அவள் கையில் மட்டும் இல்லை. நேரத்தை மாற்றித் தருவதும் கழிப்பறை கட்டுவதும் பட்டறைக்காரர் கையில் இருக்கிறது.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து மகளை அழைத்துப் போவார்கள். அழகான வழக்கம், வேலையிலிருந்து அவளுக்குக் கிடைக்கும் முதல் விடுதலையும் அதுவே. ஆனால் இரத்த அழுத்தம் கூடும் ஆபத்து மிகுந்த காலத்தில் செவிலியரும் மருத்துவமனையும் மாறிவிடுகிறார்கள். பட்டுச்சேலையோடு தாய் சேய் நல அட்டையும் ஸ்கேன் அறிக்கைகளும் பெட்டியில் போக வேண்டும். தாய்வீட்டு ஊர்ச் செவிலியரிடம் அந்த வாரமே காட்ட வேண்டும்.

காலில் கொஞ்சம் வீக்கம் பலருக்கும் வரும். முகமும் கையும் வீங்கினால், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால், "தண்ணி கோத்திருக்கு, பொறந்ததும் வடிஞ்சிரும்" என்று இருந்துவிடாதீர்கள். அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே கவனம் வேண்டும். கவனிக்காவிட்டால் வலிப்பு வரும். 28 வாரத்துக்குப் பின் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குங்கள், மல்லாந்து வேண்டாம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் மறுநாள் வரை பார்க்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலத்தில் இருக்கும் கணவன், நாமக்கல் லாரியோடு நெடுஞ்சாலையில் இருக்கும் கணவன் என்று இங்கே பல வீடுகளில் வலி வரும் நேரத்தில் ஆண் துணை இருக்காது. இரவில் வலி வந்தால் யார் உடன் வருவது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்பதை எட்டாம் மாதமே பேசி முடிவு செய்யுங்கள்.

பிரசவம் முடிந்த முதல் 24 மணி நேரத்தில்தான் அதிக இரத்தப்போக்கால் தாய்மார் இறப்பது மிகுதி. அதனால் வீட்டுக்குப் போக அவசரப்படக் கூடாது. குழந்தைக்குச் சேனையும் கழுதைப்பாலும் தொட்டு வைக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பாலைக் கொடுங்கள். பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையும் கீரையையும் குறைக்காதீர்கள். இரும்பு மாத்திரை அதன்பின்னும் 180 நாள் தொடர வேண்டும்.

இதைப் படிக்கும் மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது நாள் தள்ளிப் போயிருந்தால், இந்த வாரமே ஒரு நாள் கூலியை விட்டு அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108. இரண்டுக்கும் காசு கிடையாது.