ரத்தத்துக்குள்ளே பிளீச்சிங் பவுடர்! தெரியுமா?

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று கூடுவாஞ்சேரியில் குழாயைத் திறந்தாலே ஒரு நெடி வருமே, அந்தத் தண்ணீரில் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதே அமிலத்தை உங்கள் வெள்ளணுக்களும் தயாரிக்கின்றன, தெரியுமா? விழுங்கிய கிருமியை ஒரு சிறு பைக்குள் அடைக்கும்; ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடு, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அதோடு உப்பில் உள்ள குளோரைடு சேர்ந்தால் அமிலம் தயார்!

சரி, இதையெல்லாம் கண்ணால் பார்ப்பது எப்படி? இதே வகையைச் சேர்ந்த ஹைட்ராக்சில் என்றொரு மூலக்கூறு செல்லுக்குள் உயிரோடிருப்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் அளவு நேரம்தான். ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்குச் சில நொடிகள். (நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வது இந்த வாயுவால்தான், இதன் பணியைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் நோபல்!) இவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் ஒளிராத சாயம் ஒன்றை முன்கூட்டியே உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். மோதிய மூலக்கூறு மறைந்துபோகும். மோதல் பட்ட சாயமோ ஒளிரத் தொடங்கிவிடும்!

இந்தச் சாய வித்தையில் தேர்ந்த ஒருவர் படித்த இடத்தைப் பார்க்க, சென்னைக் கடற்கரை ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்குங்கள். அந்தப் பகுதியில் உள்ள மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தவர் யமுனா கிருஷ்ணன். பிறகு பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வு மையம், இப்போது சிகாகோ பல்கலைக்கழகம். அவர் குழு சாயத்தை டி.என்.ஏ. துண்டில் கட்டி, செல்லின் எந்த மூலைக்கு வேண்டுமோ அங்கேயே அனுப்புகிறது. 2019-இல், கிருமி அடைபட்ட பைக்குள் அமிலம் ஊறுவதை அளந்த கருவிக்கு 'சாக்லேட்' என்று பெயர் வைத்தார்கள்! அதில் இரண்டு சாயங்கள்: ஒன்று அமிலம் பட்டால் மாறும், மற்றது மாறவே மாறாது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் போதும், எத்தனை கருவிகள் உள்ளே போயின என்று எண்ண வேண்டியதில்லை. என்ன அழகான யோசனை!

இப்படி ஒளிரும் சாயங்கள் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. சி.ஜி.டி. என்னும் பிறவிக் குறைபாடுள்ள குழந்தையின் வெள்ளணுக்களால் சூப்பராக்சைடு தயாரிக்க முடியாது. சீழ்க்கட்டியும் நிமோனியாவும் மாறி மாறி வரும். டி.எச்.ஆர். என்ற சாயத்தைச் சில துளி ரத்தத்தில் கலந்து வெள்ளணுக்களைத் தூண்டினால், நலமான அணுக்கள் பச்சையாக ஒளிரும், இக்குழந்தையின் அணுக்கள் இருண்டே கிடக்கும். ரத்தம் புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் தெரிந்தால் தினசரி மருந்தாலும் எலும்பு மஜ்ஜை மாற்றாலும் பிள்ளையைக் காக்கலாம்.

இன்னொன்று தெரியுமா? இக்குறை பெரும்பாலும் தாய்வழியாக மகனுக்கு வருவது. நோயே இல்லாத அந்தத் தாயின் ரத்தத்தைச் சோதித்தால், அணுக்களில் ஒரு கூட்டம் ஒளிரும், இன்னொரு கூட்டம் ஒளிராது!