சாய்கிற உடலுக்கு ஒரு கார் இருக்கை

காரின் இருக்கை, முதுகையும் கழுத்தையும் தானே தாங்கிக்கொள்ளும் உடலுக்காகச் செய்யப்படுகிறது. மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு நோய், முதுகுத்தண்டு முறிவு உள்ள பெரியவர்கள் அதில் உட்கார்ந்தால் வளைவில் ஒரு பக்கம் சாய்வார்கள், பிரேக் போட்டால் முன்னால் சரிவார்கள். குழந்தைகளுக்கான இருக்கைகள் பெரும்பாலும் 36 கிலோவோடு நின்றுவிடுகின்றன. அவற்றைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளோ, இருக்கையும் குழந்தையும் சேர்த்து 33 கிலோவுக்குக் கணக்கிடப்பட்டவை.

விருதுநகர்–சிவகாசி வட்டாரத்தில், ஆமத்தூர் போன்ற ஊர்களில், பட்டாசு விபத்தில் பிழைத்தவர்களின் உடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். காயத்தோடு பிழைத்தவர்கள் அதைவிட அதிகம். தீப்புண் ஆறும்போது தழும்பு சுருங்கி கழுத்து, அக்குள், முழங்கை மடங்கியபடியே இறுகிவிடலாம். கழுத்து முன்னோக்கி இறுகியவரின் தலை ஹெட்ரெஸ்டைத் தொடாது. தோளில் ஒட்டிய புதுத்தோலை சீட் பெல்ட் உராயும். ஒட்டிய தோலில் சரியாக வியர்க்காது. மார்புக்கு மேலே முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கும் காயத்துக்குக் கீழே வியர்வை குறைவு. சித்திரை வெயிலில் காய்ந்த ரெக்சினும் உலோக பக்கிளும் உணர்ச்சியற்ற தொடையைச் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. இவர்களுக்கு ஏசியும் இருக்கையின் ஒரு பாகம்தான்.

காரில் ஏறுவது ஒரு சிக்கல், உட்கார்ந்திருப்பது வேறொரு சிக்கல். ஏறுவதற்குச் சுழல் இருக்கை உண்டு: கதவுப் பக்கம் திரும்பி நிற்கும், உட்கார்ந்தபின் கால்களோடு உள்ளே திரும்பிக்கொள்ளும். 2025 டிசம்பரில் மாருதி சுசூகி, பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து வேகன் ஆர் காருக்கு இதை அறிமுகப்படுத்தியது. முட்டி வலிக்கும் பாட்டிக்கு இது போதும். சாய்கிற உடலை இது தாங்காது.

தாங்குவதற்கு விலாப் பக்கத் தடுப்புகள், முன்சரிவைத் தடுக்கும் இருக்கைச் சரிவு, தோள்களையும் இடுப்பையும் பிடித்து தொடைகளுக்கு இடையிலும் பூட்டும் ஐந்து முனைப் பட்டை, உடுப்பு போல மாட்டி காரோடு பூட்டும் வெஸ்ட் ஆகியவை இருக்கின்றன. வீடுகளில் இந்த வேலையைத் துண்டோ சேலையோதான் செய்கிறது. அது நிமிர்த்தி வைக்கும், அவ்வளவுதான்; மோதலில் காப்பாற்றாது. வீல்சேரை வாகன இருக்கையாகப் பயன்படுத்துவதற்கான ஐஎஸ்ஓ 7176-19 தரத்தின் மோதல் சோதனை மணிக்கு 48 கிமீ வேகத்தில், 20 ஜி அளவில் நடக்கிறது. அந்தக் கணத்தில் 60 கிலோ உடல் 1,200 கிலோ எடைபோல முன்னால் இழுக்கும். அதை எலும்புதான் தாங்க முடியும். ஆகவே பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். வயிற்றில் படிந்தால் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப்போய் குடலும் ஈரலும் நசுங்கும். நிமிர்த்தும் பட்டை எதுவானாலும் காரின் சொந்த பெல்ட்டும் கூடவே போட்டிருக்க வேண்டும்.

இருக்கையில் மாற்றி உட்கார வைக்கவே முடியாதவர்கள் வேனில் வீல்சேரோடு போகலாம். வீல்சேர் முன்னோக்கி இருக்க வேண்டும், நான்கு முனைகளிலும் தரையோடு பூட்ட வேண்டும், ஆளுக்குத் தனி பெல்ட் வேண்டும். பக்கவாட்டில் திருப்பி நிறுத்துவது மிக ஆபத்தானது; பல வேன்களில் இடவசதிக்காக அப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

கடைக்குப் போகுமுன் உடலை அளக்க வேண்டும். வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மருத்துவத் துறை, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம், தென்காசி ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் ஆகியவற்றில் இதை அளக்கத் தெரிந்த மறுவாழ்வு நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆமத்தூருக்கு ஆய்க்குடிதான் பக்கம். விற்பவரிடம் மோதல் சோதனைச் சான்றைக் கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். இருக்கையைக் கழற்றி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்சியில் பதியச் செய்யுங்கள்.