அசைவின் இலக்கணம் – 9: பத்து நொடிக்கு ஆறு போஸ்

கதாபாத்திரத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடான ரிக் தயார், கேமராவும் வைத்தாயிற்று. சென்ற வாரம் இங்கேதான் நிறுத்தினோம். இந்தக் கட்டத்தில் பெரும்பாலான மாணவர்கள் மவுஸைப் பிடித்து, கதாபாத்திரத்தின் கையையோ தலையையோ அசைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். இன்னும் சில நாள் காகிதத்தோடுதான் நமக்கு வேலை.

நம் ஷாட் சின்னது. வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு பையன் முறுக்கு டப்பாவில் கை விடுகிறான். வாசலில் செருப்புச் சத்தம். கையை இழுக்கிறான், வரவில்லை. பிடித்த முறுக்கை விட்டால்தான் கை வெளியே வரும். பத்து நொடி, நொடிக்கு 24 பிரேம் என்றால் 240 பிரேம். அவ்வளவுதான்.

இது போதுமா என்று தோன்றலாம். மூன்று நிமிடப் படம் எடுத்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் மாணவர்களிடம் அதிகம். அனிமேட்டர் ஜான் லாசிட்டர் 1986-இல் மேசை விளக்கு ஒன்றை அசைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, பிரஸ்ஸல்ஸில் அதைப் பார்த்த பெல்ஜிய அனிமேட்டர் ராவுல் செர்வே, எவ்வளவு குட்டிப் படமானாலும் கதை வேண்டும் என்றார். இத்தனை சிறியதில் கதைக்கு எங்கே இடம் என்று லாசிட்டர் தயங்க, பத்து நொடியிலும் கதை சொல்லலாம் என்று செர்வே பதில் சொன்னாராம். அந்தச் சோதனைதான் 'லூக்ஸோ ஜூனியர்' ஆனது. சுமார் இரண்டு நிமிடப் படம்.

அந்தப் படத்தில் வரும் பெரிய விளக்குக்கும் குட்டி விளக்குக்கும் கண் இல்லை, வாய் இல்லை. குனிவதும் நிமிர்வதும் திரும்புவதும்தான் நடிப்பு. அந்த ஆண்டு டல்லஸில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் படம் முடிந்ததும் ஜிம் பிளின் என்ற கணினி வரைகலை வல்லுநர் லாசிட்டரை நோக்கி வந்தார். நிழல் விழும் கணக்கைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று லாசிட்டர் நினைத்தார். அவர் கேட்டதோ, பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்று! பிளாக்கிங் செய்ய, அதாவது முக்கிய போஸ்களை மட்டும் முதலில் வைத்துப் பார்க்க, உட்காரும் ஒவ்வொரு மாணவரும் இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பார்ப்பவரை அப்படிக் கேட்க வைப்பது போஸ்தான்.

ஆகவே முதலில் பையனின் மனதைப் பட்டியலிடுவோம். நோட்டமிடுகிறான்; ஆசையோடு கை விடுகிறான்; சத்தம் கேட்டு உறைகிறான்; பதறி இழுக்கிறான்; முறுக்கா, மாட்டிக்கொள்வதா என்று தவிக்கிறான்; விட்டுவிடுகிறான். எண்ணம் ஆறு, போஸும் ஆறு. கை எங்கே போகிறது என்று தொடங்கினால் முப்பது போஸ் வரும், ஒன்றிலும் பையன் இருக்கமாட்டான்.

செல்போன் முன்னால் நீங்களே நடித்துப் படம் பிடியுங்கள். கூச்சம் போகும்வரை திரும்பத் திரும்ப நடியுங்கள். நல்லது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆனால் வீடியோவைப் பிரேம் பிரேமாக நகலெடுக்காதீர்கள். எடை எந்தக் காலில் நிற்கிறது, தோள் எப்போது ஏறுகிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் குச்சி மனிதனாக வரையுங்கள். அங்கே முதுகின் வளைவை வீடியோவில் இருப்பதைவிட ஒரு படி கூட்டிவிடலாம்.

இப்போதுதான் கணினி. போஸைப் பதிவு செய்யும் கீகளை ஸ்டெப்டு முறையில் வையுங்கள். பிளெண்டரில் இதன் பெயர் கான்ஸ்டன்ட். ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்கு உருவம் வெட்டித் தாவும், நடுவில் கணினி எதையும் இட்டு நிரப்பாது. ஒவ்வொரு போஸிலும் எல்லாக் கண்ட்ரோலுக்கும் கீ போட்டுவிடுங்கள், அசையாத காலுக்கும் சேர்த்து. அப்போதுதான் டைமிங் மாற்றும்போது போஸ் முழுதாக நகரும். ஒரு முழங்கை மட்டும் பின்தங்கி நிற்காது.

பிறகு நிழலுருவம். மாயா மென்பொருளில், காட்சியில் விளக்கே வைக்காமல் 7-ஐ அழுத்தினால் பையன் முழுக்கக் கறுத்துவிடுவான். கை டப்பாவுக்குள் இருக்கிறது என்று அப்போதும் தெரிகிறதா? உடம்போடு கலந்துவிட்டால் டப்பாவைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், அல்லது கேமராவைத் திருப்புங்கள். இதை இன்றே செய்தால் பத்து நிமிட வேலை. கடைசி வாரத்தில் செய்தால் ஷாட்டையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

டைமிங்கில் ஆறு போஸுக்கும் நாற்பது நாற்பதாகப் பங்கு போட்டுவிடாதீர்கள். இழுக்கும் பதற்றத்துக்கு 20 பிரேம் தாராளம். தவிப்புக்கு 70 கூடக் கொடுக்கலாம், அவன் அசையாமல் நின்றாலும் சரி. ஷாட்டே அந்த இடத்துக்காகத்தான். 'உறைந்த' போஸ் பார்ப்பவருக்குப் பதியுமுன் அடுத்தது வந்துவிட்டால், செருப்புச் சத்தம் வீணாகிவிடும்.

இந்த நிலையில், ஒலியை நிறுத்திவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. "எதையோ விட மனசில்லாம நிக்கிறான்" என்று அவர் சொன்னால் பிளாக்கிங் நிற்கிறது. "கை வலிக்குதா?" என்று கேட்டால் ஐந்தாவது போஸைத் திரும்ப வரையுங்கள். பொறுமை போய், போஸ்களுக்கு நடுவைக் கணினியே நிரப்பும் ஸ்பிளைனுக்கு மாற்றிவிடும் ஆசை இங்கேதான் வரும். மாற்றினால் எல்லாம் தண்ணீரில் மிதப்பதுபோல் வழுவழுவென்று நகரும். அந்த அழகில் தவறான போஸ் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஆறு போஸும் நின்றபின் அவற்றுக்கு நடுவே பிரேக்டவுன் எனும் இடைப் போஸ்களை வைக்க வேண்டும். கையை இழுக்கும்போது தோள் முந்துகிறதா, இடுப்பா? தலை எந்த வளைவில் திரும்புகிறது? இதே பையனை வைத்து அடுத்த வாரம் பார்ப்போம்.