தலைமடையும் கடைமடையும்

ஏரி மடையைத் திறந்ததும் முதலில் நனைவது தலைமடை வயல். அந்த வயல்காரர் வாய்க்காலை மறித்துக்கொண்டால் கடைமடை காய வேண்டியதுதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கடைமடையிலும் நெல் விளைந்திருக்கிறது. எப்படி?

பொதுச்சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் எழுதினார் அமெரிக்க அறிஞர் கேரட் ஹார்டின். மக்களே விதி வகுத்துக் கூட்டாகக் காத்த சுவிட்சர்லாந்து மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயின் வாய்க்கால்களையும் காட்டி மறுத்தார் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இப்படிக் கூட்டாகக் காப்பது நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரி வாரியம் இருக்கிறது.

தலைமடைக்காரர் தண்ணீர் விட்டதற்குத் தர்மசிந்தை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கரை உடைந்தால் வெள்ளம் முதலில் புரட்டிப்போடுவது அவர் வயலைத்தான். கரைக்கு மண் சுமக்க, வண்டல் வார, வரத்துக்காலைச் செதுக்க அவர் ஒருவர் கை போதாது. தண்ணீர் வராத கடைமடைக்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏன் வரப்போகிறார்? ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு இந்தக் கணக்குதான் உயிர்.

நடுவில் நின்றவர் நீர்க்கட்டி. தெற்கே நீர்பாய்ச்சி என்பார்கள். ராத்திரியிலும் மண்வெட்டியோடு வரப்பில் நடந்து, முறை வந்த வயலுக்கு வாமடை வெட்டிவிடுவார். பாய்ந்ததும் சேற்றை அள்ளி அடைப்பார். அறுப்பில் களத்து நெல்தான் கூலி. பல ஊர்களில் அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. அதனால் யார் பக்கமும் சாய மாட்டார் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் தலித் மக்களே இந்த வேலையைச் செய்தார்கள். ஊருக்கெல்லாம் நியாயமாகத் தண்ணீர் பிரித்தவருக்குக் காணி நிலம் இல்லாமல் போனது பெரிய அநியாயம். பழைய ஏற்பாட்டைப் புகழ்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

பிறகு போர்வெல் வந்தது; இலவச மின்சாரமும் வந்தது. மோட்டார் போட்டவருக்கு மடையும் வேண்டாம், பக்கத்து வயல்காரரும் வேண்டாம். கரை வேலைக்கு அவர் வருவது நின்றது. வசதியுள்ளவர் விலகிய பிறகு மற்றவர்கள் மட்டும் எத்தனை நாள் மண் சுமப்பார்கள்? வரத்துக்கால் தூர்ந்தது, ஆக்கிரமிப்பு ஏறியது. ஏரி நிரம்பாமல் போகவே கிணற்றில் ஊற்றும் இறங்கியது. ஆழம் கூட்டக் கூட்டக் கடன்தான் கூடியது.

தமிழக அரசு 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் தொடங்கியது. பணம் ஒதுக்கினால் பொக்லைன் வந்துவிடும். பக்கத்து வயல்காரர் வருவாரா என்பதுதான் என் கவலை. அக்டோபர் 2 கிராம சபை. அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. உங்கள் ஊர் வரத்துக்கால் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று சபைக்கு முன்பே நடந்து பாருங்கள். சபையில் எழுந்து கேளுங்கள். போகும்போது, கிணறு வைத்திருப்பவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.