ஒரு கை பிளீச்சிங் பவுடர் போதாது

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு பிளீச்சிங் பவுடரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்து போன பிறகும், 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையைக் கடந்த பிறகும், 2015 மழை வெள்ளம் வடிந்த பிறகும் தெருவோரங்களில் அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருக்கிறோம். மூக்கில் ஏறும் அந்த வாடையைச் சுத்தத்தின் வாடையாகவே மனத்தில் பதித்துக்கொண்டோம். அதிலிருந்து வந்த பழக்கம்தான், எங்கே தண்ணீர் கெட்டாலும் ஒரு கை அள்ளித் தூவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது. கடற்கரைச் சாலையோரம் புதிதாக எழும் பண்ணை வீடுகளில் நீச்சல் குளம் கட்டியவர்களும் இதையே செய்கிறார்கள். குளம் பச்சையானதும் ஒரு கை போடுகிறார்கள். மறுநாளும் பச்சை, மறுபடி ஒரு கை. ஒரு வாரம் கழித்து, பவுடர் போலி என்று கடைக்காரரைக் கோபித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை பவுடரில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரின் போட்டு அழிக்க முடியாது. ஒரே மூச்சில், போதிய அளவு போட்டு, அந்த அளவு இறங்காமல் சில நாள் பிடித்து வைத்தால்தான் அது சாகும்.

இதற்குக் காரணம் பாசி வளரும் வேகம். அதற்கு வெளிச்சம், வெதுவெதுப்பு, கொஞ்சம் நைட்ரஜன், கொஞ்சம் பாஸ்பரஸ் போதும். வெயிலும் வெப்பமும் நம் ஊரில் வேண்டிய மட்டும் உண்டு. மற்ற இரண்டையும் உதிர்ந்த வேப்பிலை, காக்கை எச்சம், வயல் பக்கமிருந்து வரும் உரத்தூசி, குளிப்பவர்களின் வியர்வை ஆகியவை கொண்டுவந்து சேர்க்கின்றன. சாதகமான தண்ணீரில் நுண்பாசி ஒரே நாளில் இரட்டிக்கும். ஆகவே நேற்று போட்ட ஒரு கை பாதிப் பாசியைக் கொன்றிருந்தாலும், இன்று சாயங்காலத்துக்குள் மீதிப் பாதி பழைய நிலைக்கு வந்துவிடும். குளோரின் மறைந்தால் எவ்வளவு பெரிய குளமும் தப்பாது என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக்ஸே சாட்சி. உயரத்திலிருந்து பாயும் போட்டிக்கான குளம், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது பச்சையாகிப்போனது. தவறுதலாக ஊற்றப்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது என்று அமைப்பாளர்கள் பிறகு விளக்கினார்கள். பச்சை நிறம் வெறும் அழகுக் குறையும் அல்ல. தண்ணீர் பச்சை என்றால் அதில் வேலை செய்யும் குளோரின் இல்லை என்று அர்த்தம். அது இல்லாத இடத்தில் பாசி மட்டும்தான் குடியிருக்கும் என்று நம்ப முடியாது. 2024-இலும் 2025-இலும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியபோது, நீச்சல் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் குளோரின் போடும்படி அந்த மாநில அரசு வலியுறுத்தியது இதனால்தான்.

போட்ட குளோரின் எங்கே போகிறது? முதலில் அழுக்கு தின்கிறது. இலைச் சாறு, அம்மோனியா, சேறு, செத்த பாசி எல்லாம் பாகம் வாங்கிக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் உயிருள்ள பாசியிடம் போகும். ஒரு கை அளவு இந்த முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும். அடுத்து வெயில். மறைப்பில்லாத குளத்தில் நடுப்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினை அழித்துவிடும். காலை பத்து மணிக்குப் பவுடர் போடுகிறவர் அதில் பெரும்பகுதியைச் சூரியனுக்குப் படைக்கிறார். மூன்றாவது, பலரும் பார்க்காமல் விடும் பிஎச் அளவு. குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்றும் ஹைப்போகுளோரைட் என்றும் இரண்டு வடிவாகப் பிரிகிறது. கொல்லும் வேலையை முக்கியமாகச் செய்வது முதல் வடிவம். பிஎச் 7 இருந்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்த வடிவத்தில் இருக்கும். 7.5 ஆனால் பாதி, 8 ஆனால் கால் பங்கு, 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு இருப்பதால் போடப் போட பிஎச் ஏறிக்கொண்டே போகும். பாசியும் வெளிச்சத்தில் கரியமில வாயுவை உறிஞ்சித் தன் பங்குக்கு அதை ஏற்றிவிடும். பவுடரைக் கூட்டிக்கொண்டே போயும் பலன் குறைந்துகொண்டே வருவதன் மர்மம் இதுதான்.

இனி கணக்கைப் பார்க்கலாம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 40,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தெளிந்த குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருந்தால் நல்லது. பச்சையான குளத்தை மீட்க 10 மில்லிகிராமாவது வேண்டும். அதாவது மொத்தம் 400 கிராம் குளோரின். 30 சதவீத வீரியம் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 1.3 கிலோவுக்குச் சற்று மேல். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 615 கிராம். பத்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் நான்கு லிட்டர். திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில், அதுவும் கடற்கரைக் காற்றின் ஈரத்தில், இந்த வீரியம் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். கட்டி தட்டிப்போய், மூடியைத் திறந்தால் வாடையே வராத பவுடரை நம்பக் கூடாது.

போடும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் இலைகளை வலையால் அள்ளி, பிஎச் அளவை 7.2 அளவுக்கு இறக்க வேண்டும். அதற்கு ஆசிட் ஊற்றினால் அதையும் குளோரினையும் ஒரே வாளியில், ஒரே நேரத்தில் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயு நுரையீரலை அரித்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு, பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர் பிடித்து அதில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் குளம் சுற்றி ஊற்ற வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு பிரஷ். சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்புப் போல ஒன்று ஒட்டும். பாசி தனக்கு மேல் போர்த்திக்கொள்ளும் போர்வை அது. குளோரின் அதற்குள் எளிதில் நுழையாது. படிக்கட்டின் உள்மூலை, ஏணியின் பின்பக்கம், விளக்குக் குழியின் ஓரம் என்று தேய்த்துப் போர்வையைக் கிழித்தால்தான் மருந்து உள்ளே போகும்.

பாசி செத்ததா என்று கண்ணை நம்பிச் சொல்லக் கூடாது. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்கள் கையில் வைத்திருக்கும் சோதனைப் பெட்டியைப் போல ஒன்றை வாங்கி, இருட்டியதும் ஒரு தடவை, விடியலில் வெயில் படுமுன் ஒரு தடவை குளோரினை அளக்க வேண்டும். இரவில் வெயில் கிடையாது. ஆகவே அளவு குறைந்தால் உயிருள்ள ஏதோ ஒன்று, அல்லது மிச்ச அழுக்கு, அதைத் தின்கிறது. இரவு 10 இருந்தது விடியலில் 4 என்றால் போர் முடியவில்லை, அன்று மாலையே மறுபடி 10-க்கு ஏற்ற வேண்டும். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே இறங்கியிருந்தால் பாசி செத்துவிட்டது. அப்போது பச்சை போய்த் தண்ணீர் சாம்பல் கலந்த வெள்ளையாகக் கலங்கி நிற்கும். அது பிணக்கூட்டம். பில்டரை இடைவிடாமல் ஓட்டி, அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்தால் இரண்டு மூன்று நாளில் அடித்தரை தெரியும். குளோரின் 3-க்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.

இவ்வளவு குளோரின் கண்ணை எரிக்காதா என்று கேட்பார்கள். கண்ணை எரிப்பதும் மூக்கைத் துளைப்பதும் பெரும்பாலும் குளோரின் மிகுதியால் வருவதல்ல. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றின் அம்மோனியாவோடு அரைகுறையாகக் கலந்த குளோரமின் செய்யும் வேலை அது. அம்மோனியாவைப் போல எடையில் ஏறக்குறைய பத்து மடங்கு குளோரின் சேர்ந்த பிறகுதான் அது முற்றாகச் சிதையும். ஆக, வாடை அடிக்கும் குளத்துக்குத் தேவை இன்னும் குளோரின்தான். மயில்துத்தம் என்ற செப்பு உப்பைப் போட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. 1904-லேயே அமெரிக்காவில் குடிநீர்த் தேக்கங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள், பாசியைக் கொல்லும் என்பது மெய். ஆனால் நோய்க்கிருமிகளை நம்பகமாகக் கொல்லாது, தண்ணீரை விட்டுப் போகாது, சுவரில் நீலப்பச்சைக் கறை விடும். புற்றுநோய் வருமே என்ற அச்சத்தை மட்டும் நான் இலேசாகத் தள்ளமாட்டேன். அழுகிய இலையும் பாசியும் குளோரினோடு சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் போன்ற பொருள்கள் உண்டாகத்தான் செய்யும். அதற்கு விடை குளோரினைக் குறைப்பதில் இல்லை, குளோரின் போடுமுன் இலையையும் சேற்றையும் அள்ளி எறிவதில் இருக்கிறது.

தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் தொல்லை தீர்ந்ததே என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. 40,000 லிட்டர் என்பது, ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்ற ஊரகக் குடிநீர்க் கணக்கில், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு மாதத் தண்ணீர். கடலோரத்தில் போர் போட்டு அதை உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே ஏறும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து வரும் அழுத்தம் தரையைப் பிளக்கும், சில சமயம் தொட்டியையே படகு போலத் தூக்கிவிடும்.

இவ்வளவு வல்லமையுள்ள மருந்தை சிதம்பரம் நடராசர் கோயிலின் சிவகங்கைத் தீர்த்தத்திலும் ஊர்க் குளங்களிலும் ஏன் போடக் கூடாது என்ற கேள்வி இங்கே எழும். நல்லெண்ணத்தில் எழும் கேள்விதான். ஆனால் விடை, போடவே கூடாது. நீச்சல் குளம் சிமெண்டால் அடைத்த பாத்திரம், கோயில் குளம் ஓர் உயிர்க்கூடம். ஒரு ஏக்கர் பரப்பும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 80 லட்சம் லிட்டர் நிற்கும். மேற்சொன்ன அளவுக்கு ஏறக்குறைய 270 கிலோ பவுடர் வேண்டும். அதையும் அடிச்சேறு பெருமளவு விழுங்கிவிடும். மீனோ, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு குளோரினையே தாங்காது. எஸ். வி. கணபதி 1940-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த கோயில் குளத்தைப் பற்றியது. இவ்வகைப் பாசிகளில் சில தம் உடலுக்குள் நஞ்சை வைத்திருக்கும். திடீரென்று கொன்றால் உடல் வெடித்து அந்த நஞ்சு முழுவதும் தண்ணீரில் கலக்கும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர்த் தேக்கப் பாசியைச் செப்பு உப்புப் போட்டுக் கொன்ற சில நாளில், பெரும்பாலும் குழந்தைகளாக, 148 பேர் ஈரலும் குடலும் பாதித்துப் படுத்தார்கள். ஊர்க் குளத்துக்கு வேண்டியது பாசிக்குச் சோறு போடுவதை நிறுத்துவது: பூவும் எண்ணெயும் சோப்பும் விழாமல் பார்ப்பது, சாக்கடை வாயைத் திருப்புவது, அடைபட்ட வரத்துக்காலையும் கலிங்கையும் திறந்து தண்ணீர் மாற வழிசெய்வது, படர்ந்ததைக் கையால் வாரிக் கரையேற்றுவது. இதற்கு ஒரு மழைக்காலம் போதாமல் போகலாம். வீட்டு நீச்சல் குளத்தின் பேக்வாஷ் தண்ணீரையும் நேராக வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது. திறந்த தொட்டியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் நிறுத்தி, சோதனைக் குப்பியில் குளோரினைக் காட்டும் மஞ்சள் நிறம் துளியும் வராதபோது தென்னைக்குப் பாய்ச்சலாம்.