ஆற்றுக்குள் கேமரா... கடலைவிட இது ஏன் கஷ்டம்?

நீருக்கடியில் எடுத்த படம்னாலே பவளப்பாறை, ஆமை, நீலக்கடல்தான் நம்ம ஃபீடில் வரும். ஆற்றுக்கு அடியில் எடுத்த படம் எத்தனை பார்த்திருப்போம்? ஆறு, ஏரி, குளம் எல்லாம் சேர்த்தாலும் பூமியின் பரப்பில் 1 சதவீதம்கூட வராது. ஆனா, உலகின் மீன் இனங்களில் கிட்டத்தட்ட பாதி அங்கேதான் வாழ்கின்றன. அப்புறம் ஏன் படம் குறைவு?

வில்லன் வண்டல்தான்

ஆற்று நீரில் மண், வண்டல், பாசித் துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் அந்தத் துகள்களில் பட்டு லென்ஸுக்கே திரும்பும். படம் முழுக்க பனி கொட்டுகிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள்! இதற்குப் பெயர் 'பேக்ஸ்கேட்டர்'.

இதற்கு முக்கிய வழி, கேமராவுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பது. வைடு ஆங்கிள் லென்ஸ் போட்டு ரொம்ப நெருங்கி எடுப்பார்கள். ஃபிளாஷைப் பக்கவாட்டில் தள்ளி வைப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் வெயிலே போதும்.

அடுத்த சவால், நீரோட்டம். காலை ஊன்றினால் வண்டல் கிளம்பிவிடும். அதனால் நீரோட்டத்தை எதிர்நோக்கியே கேமராவைப் பிடிப்பார்கள். கிளம்பும் வண்டல் பின்பக்கம் போய்விடும்.

கண்ணாடி மாதிரி ஓர் ஆறு

பிரேசிலின் பொனிட்டோ பகுதியில் ஓடும் 'ரியோ டா பிராட்டா' ஆற்றில் இந்தத் தொல்லை குறைவு. சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து வரும் நீர் அது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, துகள்களை அடியில் படியவைக்கிறது. ஸ்நார்கெல் மாட்டி மிதந்தபடியே மீன்களைப் படமெடுக்கலாம். தரையை மிதிக்கக் கூடாது, சன்ஸ்கிரீன் பூசக் கூடாது என்று கறாரான விதிகள் உண்டு. அப்படியும் 2018 கடைசியில் பெய்த மழை, சுற்றியுள்ள விளைநிலங்களின் மண்ணை அடித்து வந்து ஆற்றையே கலக்கிவிட்டது.

நம்ம போன் தாங்குமா?

'ஐ.பி.68' என்பது அசையாத நன்னீரில், ஆய்வகத்தில் செய்யும் சோதனை. ஓடும் ஆற்றுக்கு அது உத்தரவாதம் இல்லை. தனி வாட்டர்ப்ரூஃப் உறை தேவை. சுழலும் வேகமும் தெரியாத ஆற்றில் படத்துக்காக இறங்கவே வேண்டாம்.

படம் எதற்கு உதவும்?

டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் 2024 அறிக்கைப்படி, கண்காணிக்கப்படும் நன்னீர் உயிரினத் தொகைகள் 1970 முதல் 2020 வரை சராசரியாக 85 சதவீதம் சரிந்துள்ளன. வலையில் சிக்கிய மீனின் நிறம் சீக்கிரமே மங்கிவிடும். அது எங்கே மேய்கிறது, எப்படிக் கூட்டமாக நீந்துகிறது என்பதெல்லாம் தண்ணீருக்குள் எடுத்த படத்தில்தான் தெரியும். தேதி, இடத்தோடு சேமித்த அப்படி ஒரு படம், அந்த மீன் அந்த ஆற்றில் இருந்ததற்கான பதிவாகவும் நிற்கும்.