மகர்பட்டாவில் கல்யாணம்: மாலை கட்டுவது யார்?

சித்திரையும் வைகாசியும் இளவேனில் மாதங்கள். கல்யாணத்துக்கு ஏற்ற காலம்; பூவுக்கும் அதுவே நல்ல காலம். மார்கழிப் பனியில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறும் மல்லிகை, வெயில் தொடங்கியதும் சந்தையில் குவியும். விலையும் இறங்கும். முகூர்த்த நாட்களில் மட்டும் மறுபடி தலைதூக்கும்.

ஆகவே, புனே மகர்பட்டாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் சித்திரையில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தால் பூவுக்குப் பஞ்சம் இல்லை. கட்டத் தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம்!

மகர்பட்டாவே ஒரு காலத்தில் வயல்காடுதான். ஹடப்சரில் 120-க்கு மேற்பட்ட உழவர் குடும்பங்கள், நிலத்தை வெளியாருக்கு விற்காமல், சுமார் 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்தன. நிலத்தின் அளவுக்கு ஏற்பத் தாங்களே பங்குதாரர்கள் ஆனார்கள். சதீஷ் மகர் முன்நின்று நடத்தினார். 2000-ஆம் ஆண்டையொட்டி வேலை தொடங்கியது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் கம்ப்யூட்டர் அலுவலகங்களும் நிற்கின்றன.

பூ விளைவது சற்றுத் தள்ளி. திவே கணவாய்க்கு அப்பால் புரந்தர் வட்டாரம். சோலாப்பூர் சாலையில் யவத். சாமந்தி, செண்டுமல்லி, ஆஸ்டர் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. இரண்டு சாலைகளும் ஹடப்சரில் வந்து சேர்கின்றன. அதாவது, பூ மூட்டைகள் மகர்பட்டா பக்கமாகவே போய், குல்டேக்டி மார்க்கெட் யார்டில் இறங்குகின்றன. மகர்பட்டாக்காரர்கள் குல்டேக்டிக்குப் போய், அதே பூவைத் திரும்ப வாங்கி வர வேண்டும்! விடியற்காலையில் போனால் நல்ல பூ கிடைக்கும்.

பெயர் தெரிய வேண்டும்

அங்கே சம்பங்கி என்று கேட்டால் விழிப்பார்கள். "நிஷிகந்த்" அல்லது "குல்சடி" என்று கேட்க வேண்டும். செண்டுமல்லிக்கு "ஜெண்டு". சாமந்திக்கு "ஷேவந்தி". கனகாம்பரம் "அபோலி". மல்லிகை "மோக்ரா". மரிக்கொழுந்தின் பெயர் "தவ்ணா". சைத்ர பௌர்ணமியில் கோலாப்பூர் அருகே ஜோதிபா கோயிலில் தவ்ணா சாத்தி வழிபடுகிறார்கள். எனவே நமக்குக் கதம்பத்துக்குத் தேவைப்படும் அதே பருவத்தில்தான் மராத்தியர்களும் அதைத் தேடுகிறார்கள். குடி பாட்வா பண்டிகையையொட்டிக் கல்யாணம் என்றால் செண்டுமல்லிக்குக் கூடுதலாகவே பணம் எடுத்து வைக்க வேண்டும்.

கோப்பது வேறு, கட்டுவது வேறு

புனேயில் விற்கும் கஜ்ரா, ஊசியால் குத்தி நூலில் கோத்தது. நம் சரம் ஊசி படாமல், எதிரும் புதிருமாக மொட்டுகளை அடுக்கி, நாரால் முடிச்சிட்டுக் கட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால், நெருக்கமாகக் கட்டிய சரம் புரளாது. தலையில் படிந்து நிற்கும். தைத்த பூ ஜடையோ இன்னும் நுணுக்கமான வேலை. வாழைப்பட்டையை ஜடையின் நீளத்துக்கு நறுக்கி, அதன்மேல் மொட்டுகளை வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். அலங்காரக் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் முகூர்த்தமே வந்துவிடும்.

"மதுரையிலிருந்தே மல்லி வரவழைத்தால் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. தடித்த இதழ், நீண்ட காம்பு, கட்டுவதற்கென்றே பிறந்தது. ஆனால், காலையில் பறித்த மொட்டு அன்று மாலையே விரிந்துவிடும். ரயிலோ புனே வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். பெட்டியைத் திறக்கும்போது மணம் இருக்கும், மொட்டு இருக்காது. ஊரிலிருந்து பூவை வரவழைப்பதைவிட, பூக் கட்டத் தெரிந்த அத்தையை வரவழைப்பது மேல்! டிக்கெட் செலவு ஒன்றுதான். காய்ந்த வாழைநார் ஒரு கட்டு அவர் பையில் வந்தால் போதும். கனமே இருக்காது. இங்கே தண்ணீரில் நனைத்துக் கிழித்துக்கொள்ளலாம்.

மணமாலைக்குச் சம்பங்கியும் ரோஜாவும் பொருத்தம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியலில் வாங்க வேண்டும். ஏப்ரல் பகலில் புனே வெயில் 38, 40 டிகிரி வரை போகிறது. காற்றும் வறண்டது. எனவே, பகலில் கட்டக் கூடாது. பூவை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு உட்கார வேண்டும். மல்லியின்மேல் நேராகத் தண்ணீர் தெளித்தால் கறுத்துப் போகும். இது பலருக்கும் தெரிவதில்லை.

பூக் கட்டுவதையே குலத்தொழிலாகச் செய்யும் கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையின் மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளியையும் ரோஜாவையும் மடித்துப் பட்டையாகக் கட்டும் அந்த வேலையை வீட்டில் முயல வேண்டாம். ஓர் இரவு போதாது.

மணமேடைக்கு என்ன செய்வது?

இங்கேதான் பணம் பறக்கிறது. காண்டிராக்டர் தெர்மோகோலும் பச்சை ஸ்பாஞ்சும் கொண்டு வருவார். மகாராஷ்டிர அரசு 2018-இல் கொண்டு வந்த தடையில் அலங்காரத் தெர்மோகோலும் அடங்கும். பூச் செருகும் பச்சை ஸ்பாஞ்சும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான், மட்காது. இங்கிலாந்தில் செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கம், 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது.

நம் ஊரில் அதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். வாழைமரத்தை வாசலில் கட்டியது போக, மிச்சத் தண்டைத் துண்டு போட்டு மேடையில் வைத்து, பூக் காம்புகளை அதில் செருகலாம். தண்டிலேயே நீர் இருப்பதால் பூ வாடத் தாமதமாகும். தென்னங்குருத்து நினைத்த உடனே கிடைக்காது. ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். மாவிலைக்குக் கவலையே இல்லை. பாட்வாவுக்கும் தசராவுக்கும் மாவிலையும் ஜெண்டுவும் சேர்த்துத் தோரணம் கட்டுகிறவர்கள்தான் பக்கத்து வீட்டு மராத்தியப் பெண்கள். கூப்பிட்டால் வந்து உட்காருவார்கள். தோரணத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, அத்தை மாலையில் இருக்கலாம். அத்தையின் பக்கத்தில் மட்டும், கட்டக் கற்றுக்கொள்ள விருப்பமுள்ள ஒரு சிறு பெண்ணை உட்கார வைக்க வேண்டும். முதலில் அவள் கையில் செண்டுமல்லியைக் கொடுக்கலாம். மல்லி மொட்டைப்போல அது உடையாது.